கறுப்பு வெள்ளைக் கடலும் ஒட்டவைத்த வானமும்



ஆசிரிய நண்பர்களே, பெற்றோர்களே, இம்முறை பாடநூலுக்கு வெளியே சற்று நடந்து வரலாம் என்று எண்ணுகிறேன். ஒளிப்படக் கலையின் வரலாற்றில் ஒரு சிறு பகுதியைப் பற்றியது இக்கட்டுரை. கடலைக் கறுப்பு வெள்ளையில் படம் பிடிக்க முயன்றவர்களின் கதை அது. இதை எழுதத் தூண்டியது நான் செய்த ஒரு பிழை. ஆகவே அப்பிழையிலிருந்தே தொடங்குகிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் பள்ளியின் ஒளிப்படக் குழு மாணவர்களைப் போர்ட்டிக்சன் கடற்கரைக்கு அழைத்துச் சென்றோம். 'கறுப்பு வெள்ளையில் கடல்' என்பது போட்டித் தலைப்பு. வண்ணம் இல்லாவிட்டால் மாணவர்கள் ஒளியைக் கவனிப்பார்கள் என்பது என் எண்ணம். உச்சி வெயில்; மூட்டமான வானம். வந்து சேர்ந்த படங்களில் ஏறக்குறைய எல்லாவற்றிலும் வானம் வெற்றுத்தாளாக வெளுத்துக் கிடந்தது. கடல் தெரிந்த படத்தில் வானம் இல்லை. வானம் சிறிது தெரிந்த படத்தில் கடல் தார்ச்சாலை போல் இருண்டிருந்தது. ஒரே ஒரு படத்தில் மட்டும் அலையும் இருந்தது, அலைக்கு மேல் அடுக்கடுக்காக மேகமும் இருந்தது.

அதை எடுத்தவன் ஆறாம் ஆண்டு மாணவன். எப்படி எடுத்தாய் என்று கேட்டேன். கடலை நண்பகலில் எடுத்தானாம். அதே இடத்தில் மாலையில் நின்று மேகத்தை எடுத்தானாம். வீட்டில் அக்காளின் கணினியில் இரண்டையும் சேர்த்தானாம். மறைக்காமல் சொன்னான். நான் மதிப்பெண் தாளில், 'ஒட்டுப்படம், தகுதியில்லை' என்று எழுதினேன்.

மறுவாரம் அவன் தாயார் பள்ளிக்கு வந்தார். சண்டை போடவில்லை. "ஐயா, கடலும் அவன் எடுத்ததுதான், மேகமும் அவன் எடுத்ததுதான். அப்ப எதுங்க ஐயா பொய்?" என்று மட்டும் கேட்டார். விதிமுறை, நேர்மை என்று ஏதேதோ சொல்லி அனுப்பிவைத்தேன். சொன்னது எனக்கே திருப்தியாக இல்லை. அதன் பிறகுதான் இந்த வரலாற்றைத் தேடிப் படிக்கத் தொடங்கினேன். முதல் நாளிலேயே பிரான்சு நாட்டு மனிதர் ஒருவர் என்னை வழிமறித்தார்.

அவர் பெயர் குஸ்தாவ் லெ கிரே. 1820-இல் பாரிசுக்கு அருகில் வில்லியே லெ பெல் என்னும் ஊரில் பிறந்தவர். ஓவியராகவே பயின்றார். டாகர் தம் ஒளிப்பட முறையை உலகுக்கு அறிவித்தது 1839-இல். அப்போது லெ கிரேவுக்கு வயது 18. ஓவியத்திலிருந்து ஒளிப்படத்துக்கு வந்த அவர், மெழுகு பூசிய தாளில் எதிர்ப்படம் எடுக்கும் முறையை 1851-இல் வெளியிட்டார். எதிர்ப்படம் என்றால் நாம் 'நெகட்டிவ்' என்று சொல்லிப் பழகியதுதான். அதே 1851-இல் பிரான்சின் பழம்பெருங் கட்டடங்களைப் படமெடுத்துப் பதிவு செய்ய அந்நாட்டு அரசு ஐவரைத் தேர்ந்தெடுத்தது. அவ்வைவருள் ஒருவர் லெ கிரே. பின்னர் பாரிசில் பெரிய படநிலையம் ஒன்றும் நடத்தினார். 1856 முதல் 1858 வரை நார்மண்டிக் கரை, மத்தியதரைக் கடலோரத்துச் செத் நகரம், பிரித்தானிக் கரை என்று சென்று கடலைப் படமெடுத்தார்.

இங்கே அக்காலத் தொழில்நுட்பத்தைச் சிறிது விளக்க வேண்டும். விளக்காவிட்டால் அவர் பட்ட பாடு நமக்குப் புரியாது.

அப்போது பயன்பட்டது ஈரக் கொலோடியன் முறை. இங்கிலாந்தின் பிரடெரிக் ஸ்காட் ஆர்ச்சர் அதை 1851-இல் வெளியிட்டார். கண்ணாடித் தகட்டின்மேல் கொலோடியன் என்னும் பசைபோன்ற நீர்மத்தை ஊற்றிப் பரப்ப வேண்டும். வெள்ளி நைட்ரேட் கரைசலில் அதை நனைக்க வேண்டும். ஈரம் காயும் முன்பே படத்தை எடுத்து, உருத்துலக்கியும் முடிக்க வேண்டும். சில நிமிடங்களே அவகாசம். ஆகவே கடற்கரைக்குப் போகிறவர் இருட்டறையையும் கூடாரமாகவோ வண்டியாகவோ உடன் கொண்டு போயாக வேண்டும். லெ கிரேவின் கடற்படங்கள் சுமார் 30-க்கு 40 செண்டிமீட்டர் அளவின. படத்தைப் பெரிதாக்கி அச்சிடும் வழக்கம் அன்று இல்லை. எதிர்ப்படத்தைத் தாளின்மேல் நேராக வைத்து வெயிலில் காட்டித்தான் அச்சிட்டார்கள். எனவே கண்ணாடித் தகடும் அவ்வளவு பெரியதாகவே இருக்க வேண்டும். உப்புக்காற்றில், ஈரமான பெரிய கண்ணாடியைக் கையில் ஏந்தி நிற்கும் மனிதரை எண்ணிப் பாருங்கள்.

இவற்றையெல்லாம் விடப் பெரிய தொல்லை வேறொன்று. கொலோடியன் தகட்டுக்கு நீலமும் புற ஊதாவும் மட்டுமே தெரியும். பச்சையும் சிவப்பும் அதற்கு இருட்டு. நீலவானம் அதன் பார்வையில் வெண்மேகத்தைப் போலவே பளிச்சென்று இருக்கும். இரண்டுக்கும் வேறுபாடு தெரியாத தகட்டில் மேகம் எப்படிப் பதியும்? கடற்பரப்போ வானத்தைவிட ஒளி குறைந்தது. கடலுக்குப் போதுமான நேரம் ஒளியை விட்டால் வானம் முற்றிலும் வெளுத்துவிடும். வானத்துக்கு ஏற்றபடி விட்டால் கடல் பதியாது. அக்காலப் படக்கலைஞர் பலர் வானத்தைப் பற்றிய நினைப்பையே விட்டுவிட்டார்கள். எதிர்ப்படத்தில் வானப் பகுதிக்குக் கறுப்பு மை பூசி, அச்சில் அது ஒரே சீரான வெள்ளையாக வரும்படி செய்தவர்களும் உண்டு. போர்ட்டிக்சனில் என் மாணவர்கள் சந்தித்த தொல்லை ஏறக்குறைய இதே தொல்லைதான். படக்கருவி மாறியிருக்கிறது, வானமும் கடலும் மாறவில்லை.

1856-இல் லெ கிரே எடுத்த 'நீர்மேல் ஒரு பாய்க்கப்பல்' என்னும் படத்தை அதே ஆண்டு இலண்டனில் காட்சிக்கு வைத்தார்கள். அது ஒரே எதிர்ப்படத்தில் அமைந்தது. ஞாயிறு மேகத்துக்குப் பின்னால் மறைந்திருந்த வேளை பார்த்து, ஒளி நோக்கி நின்று எடுத்திருக்கிறார். வானத்துக்கும் நீருக்கும் இடையிலான ஒளி வேறுபாடு அந்நேரத்தில் சுருங்கிவிட்டது. கப்பல் கரிய நிழலுருவாக நிற்க, மேகத்தின் விளிம்பும் நீரின் பளபளப்பும் ஒருசேரப் பதிந்தன. கண்டவர் பலர் அதை நிலவொளியில் எடுத்த படம் என்றே நினைத்தார்கள். பகலில் எடுத்த படம் இரவாகத் தோன்றியதற்குக் காரணம், அதன் சாம்பல் படிநிலைகள் எல்லாம் கருமையை நோக்கி இறங்கி இருந்ததுதான். சாயல் வீச்சு என்று நான் இக்கட்டுரையில் சொல்வது இதைத்தான். முழுக் கறுப்புக்கும் முழு வெள்ளைக்கும் இடையே ஒரு படம் எத்தனை சாம்பல் நிறங்களைத் தாங்குகிறது, அவற்றை எங்கே நிறுத்துகிறது என்னும் கணக்கு.

ஒவ்வொரு நாளும் இத்தகைய மேகம் வாய்க்காது. காத்திருந்து பார்த்த லெ கிரே வேறு வழி கண்டார். கடலுக்கு ஓர் எதிர்ப்படம், வானத்துக்கு ஓர் எதிர்ப்படம். இரண்டையும் ஒரே தாளில் அச்சிட்டார். முதலில் கடல் எதிர்ப்படத்தைத் தாளில் வைத்து, வானப் பகுதியைக் கறுப்புத்தாளால் மறைத்து வெயிலில் காட்டுவது. பிறகு வான எதிர்ப்படத்தை வைத்து, கடற்பகுதியை மறைத்துக் காட்டுவது. இக்கருத்தை அவருக்கு முன்பே, 1852-இல், இப்போலித் பயார் என்பவர் எடுத்துரைத்திருந்தார். அதைக் கடலில் செய்து காட்டி உலகை வியக்க வைத்தவர் லெ கிரே. 1857-இல் செத் நகரில் எடுத்த 'பேரலை' இம்முறையில் உருவானதே. இடப்பக்கக் கீழ்மூலையில் கரும்பாறைகள், அவற்றை நோக்கி உடையும் அலை, தொலைவில் கடலுக்குள் நீளும் ஒரு கரை, மேலே கனத்த மேகம்.

சில வேளைகளில் கடலும் வானமும் வெவ்வேறு நேரத்தில் எடுத்தவை. சில வேளைகளில் வெவ்வேறு ஊர்களில் எடுத்தவை. ஒரே மேகத்தை இருவேறு கடல்களின் மேல் அவர் பயன்படுத்தியதும் உண்டு! இதைப் படித்தபோது நாற்காலியில் சற்று நிமிர்ந்து உட்கார்ந்தேன். என் மாணவனாவது ஒரே கடற்கரையின் மேகத்தை எடுத்தான்.

இனி, எனக்கு மிகவும் பிடித்த பகுதிக்கு வருகிறேன். கடலில் இந்த ஒட்டுவேலை எளிதாகக் கைகூடியது ஏன்? மலையோ மரமோ இருந்தால் வானத்தோடு அது சேரும் விளிம்பு வளைந்து நெளிந்து செல்லும். கறுப்புத்தாளை அதற்கேற்ப வெட்டி மறைப்பது பெருந்துன்பம். கடலிலோ தொடுவானம் நேர்க்கோடு. ஒரு தாளின் விளிம்பே போதும். ஆக, லெ கிரேவுக்குத் தொடுவானம் இரண்டு ஒளிகளைத் தைக்கும் தையற்கோடும் ஆயிற்று. கோட்டைப் படத்தில் எந்த உயரத்தில் வைப்பது என்று காட்சியமைப்பில் கேட்கிறோம். வானத்துக்கு எவ்வளவு ஒளி, நீருக்கு எவ்வளவு ஒளி என்று சாயலில் கேட்கிறோம். வகுப்பில் இவற்றை இரண்டு தனிப் பாடங்களாக நான் நடத்தி வந்தேன். கடற்படத்தில் இரண்டும் ஒரே கேள்வி என்பதை இம்மனிதர்தாம் எனக்குக் காட்டினார். கோட்டை உயர்த்தினால் வெளுக்கும் வானம் குறைகிறது, இருளும் நீர் கூடுகிறது. தாழ்த்தினால் நேர்மாறு. கோட்டை நகர்த்தும் ஒவ்வொரு முறையும் சாம்பலின் கூட்டல் கழித்தல் மாறுகிறது.

அத்தையல் இன்றும் கண்ணுக்குத் தெரிகிறது. 'பேரலை'யைக் கூர்ந்து நோக்கினால், இடப்பக்கத்தில் மேகம் தொடுவானத்தைத் தொடும் இடத்தில் வெட்டுப்பட்டு நிற்பதைக் காணலாம். இன்னொன்றும் சொல்ல வேண்டும். கறுப்பு வெள்ளை என்று நாம் சொன்னாலும் அவருடைய அச்சுகள் சாம்பல் நிறமானவை அல்ல. முட்டையின் வெள்ளைக்கரு பூசிய தாளில் அச்சிட்டுத் தங்கக் குளோரைடில் நனைத்ததால் பழுப்பும் ஊதாவும் கலந்த நிறத்தில் இருக்கும்.

படங்கள் புகழ் பெற்றன, பணம் நிற்கவில்லை. 1860-இல் படநிலையத்தை மூடினார். அதே ஆண்டில், எழுத்தாளர் அலெக்சாந்தர் துமாவின் கப்பலில் ஏறி மத்தியதரைக் கடலுக்குப் புறப்பட்டார். மனைவி மக்களை விட்டுச் சென்றார் என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். பலெர்மோவில் கரிபால்டியைப் படமெடுத்தார். பிறகு துமாவோடு பிணக்கு. மால்தாத் தீவில் இறக்கி விடப்பட்டார். அங்கிருந்து லெபனான், எகிப்து. தாயகம் திரும்பவே இல்லை. கெய்ரோவில் ஓவிய ஆசிரியராகப் பணியாற்றி 1884-இல் காலமானார். நம் தொழிலுக்கு வந்து சேர்ந்தவர் என்பதால் எனக்கு அவர்மேல் ஒரு தனிப் பரிவு உண்டு. 1999-இல் இலண்டன் ஏலமொன்றில் 'பேரலை'யின் ஓர் அச்சு 5 இலட்சம் பவுனுக்கு மேல் விலை போயிற்று. ஆசிரியர் சம்பளத்தில் வாழ்ந்தவர் கேட்டிருந்தால் சிரித்திருப்பார்.

ஒட்டுப்படம் நேர்மையானதா என்னும் கேள்வி எனக்கு முன்பே பலருக்கு எழுந்திருந்தது. 'பேரலை' எடுத்த அதே 1857-இல், இங்கிலாந்தில் வாழ்ந்த சுவீடன் நாட்டவர் ஆஸ்கார் ரெய்லாந்தர் 30-க்கும் மேற்பட்ட எதிர்ப்படங்களைச் சேர்த்து 'வாழ்வின் இரு வழிகள்' என்னும் பெரும்படத்தை உருவாக்கினார். விக்டோரியா அரசியார் அதன் ஓர் அச்சை வாங்கினார். மறுபுறம் கண்டனமும் வந்தது. ஹென்றி பீச் ராபின்சன் 1858-இல் மரணத் தறுவாயில் இருக்கும் ஓர் இளம்பெண்ணின் காட்சியை ஐந்து எதிர்ப்படங்களால் அமைத்தார். 1869-இல் காட்சியமைப்பைப் பற்றி நூலும் எழுதினார். ராபின்சனின் படங்கள் எனக்குப் பிடிப்பதில்லை. பள்ளி ஆண்டுவிழா நாடகத்தில் எல்லாரும் அசையாமல் நிற்கும் கடைசிக் காட்சியைப் போல் இருக்கின்றன. ஆனால் அவருடைய நூல் நெடுங்காலம் மாணவர் கைகளில் புழங்கியது.

அவரை வன்மையாக எதிர்த்தவர் பீட்டர் ஹென்றி எமர்சன். நார்போக் பகுதியின் நீர்நிலைகளைப் படமெடுத்த மருத்துவர். ஒட்டுவேலை கூடாது, ஓர் இடம், ஒரு நேரம், ஓர் எதிர்ப்படம், கண் காண்பதைப் போலவே ஒளிநிழலின் அளவுகள் அமைய வேண்டும் என்று 1889-இல் ஒரு நூல் எழுதினார். மதிப்பெண் தாளில் நான் எழுதிய வரிக்கு இவரே முன்னோடி என்று முதலில் மகிழ்ந்தேன். மகிழ்ச்சி நீடிக்கவில்லை. 1890-இல் ஹர்ட்டர், டிரிபீல்டு என்னும் இருவர் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். ஒருவர் வேதியியலார், மற்றவர் பொறியாளர். இங்கிலாந்தின் விட்னசு நகரத்து இரசாயன ஆலையில் வேலை செய்தவர்கள், ஓய்வு நேரத்தில் இதை ஆராய்ந்தார்கள். ஒளி எவ்வளவு பட்டால் தகடு எவ்வளவு கறுக்கும் என்பதை அளந்து வரைபடமாக்கினார்கள். அக்கோடு நேராகச் செல்லவில்லை. தொடக்கத்திலும் முடிவிலும் வளைந்து படுத்துவிட்டது.

வகுப்பறை எடுத்துக்காட்டால் சொல்கிறேன். ஆசிரியர் மிக மெல்லப் பேசினால் கடைசி வரிசைக்கு ஒரு சொல்லும் வேறுபட்டுக் கேட்காது, எல்லாம் முணுமுணுப்பு. தொண்டை கிழியக் கத்தினாலும் சொல் புரியாது, எல்லாம் இரைச்சல். இடைப்பட்ட குரலில்தான் சொல்லுக்குச் சொல் வேறுபாடு தெரியும். தகடும் அப்படியே. ஆழ்ந்த நிழலையும் கடும் ஒளியையும் அது பிசைந்து ஒன்றாக்கிவிடும். கண் காணும் அளவுகளைத் தகட்டில் விருப்பம்போல் வரவழைக்கலாம் என்று எமர்சன் நம்பியிருந்தார். அந்நம்பிக்கையை இவ்வளவீடு குலைத்தது. விரைவிலேயே தம் கொள்கை இறந்துவிட்டதாக அறிவித்து, இறப்பு அறிவிப்பைப் போல் கறுப்புக் கரையிட்ட சிறுநூல் ஒன்றை அவரே வெளியிட்டார். இப்படித் தாமே முன்வந்து மறுத்துக்கொண்டவர்கள் அரியவர்கள். அவர் மறுத்ததை ஏற்காதவர்களும் இருக்கிறார்கள். எனக்கு அந்த மனத்துணிவு பிடித்திருக்கிறது.

தகட்டின் குருட்டுத்தன்மையும் மெல்ல நீங்கியது. பெர்லினில் ஹெர்மன் போகல் 1873-இல் சாயம் சேர்த்துத் தகட்டுக்குப் பச்சையைக் காணும் ஆற்றல் தந்தார். 1906-இல் எல்லா நிறங்களையும் உணரும் தகடுகள் இங்கிலாந்தில் விற்பனைக்கு வந்தன. அதன் பிறகு வில்லையின்முன் மஞ்சள் அல்லது சிவப்புக் கண்ணாடி வைத்து நீலத்தைத் தடுத்தாலே போதும், நீலவானம் கறுத்து வெண்மேகம் துலங்கும். ஆனால் வானம் நீலமாக இருந்தால்தான் இது நடக்கும். மூட்டமான வெள்ளை வானத்தில் தடுப்பதற்கு நீலம் ஏது? நம் நாட்டு நண்பகல் வானம் பெரும்பாலும் இவ்வகையே.

அடுத்து நான் நிற்க விரும்புவது அமெரிக்கக் கலைஞர் ஆன்சல் ஆடம்சிடம். 1902-இல் சான் பிரான்சிசுகோவில் பிறந்தவர். இளமையில் பியானோ பயின்றவர். எதிர்ப்படம் என்பது இசைக்குறிப்பு, அச்சு என்பது அதை வாசிப்பது என்று சொல்வது அவர் வழக்கம். 1940-ஐ ஒட்டி, பிரெட் ஆர்ச்சர் என்பவரோடு சேர்ந்து அவர் வகுத்த முறை நம் ஆசிரியர்களுக்கு எளிதில் விளங்கும். ஏனெனில் அது மதிப்பெண் போடுவது போன்றது. முழுக் கறுப்புக்கு 0. தாளின் தூய வெள்ளைக்கு 10. நடுச்சாம்பலுக்கு 5. ஒவ்வோர் எண் கூடும்போதும் ஒளி இரு மடங்காகும். நுண்விவரம் தெரியும் நிழலுக்கு 3, நுண்விவரம் தெரியும் வெண்மைக்கு 7.

ஒளிமானி எதை நோக்கினாலும் அதை 5 என்றே கருதும். நுரையைக் காட்டினால் நுரையைச் சாம்பலாக்கும். ஈரப்பாறையைக் காட்டினால் பாறையையும் சாம்பலாக்கும். கடற்படங்கள் மங்கி வருவதற்குப் பெருங்காரணம் இதுவே. எடுப்பவர்தாம் தீர்மானிக்க வேண்டும்: நுரைக்கு 7 தருகிறேன், ஆகவே மானி சொல்வதைவிட நான்கு மடங்கு ஒளி விடுகிறேன் என்று. அப்போது பாறை எந்த எண்ணில் விழுகிறது என்று பார்க்க வேண்டும். 3-இல் விழுந்தால் நன்று. நுரைக்கும் பாறைக்கும் 16 மடங்கு வேறுபாடு, படம் தாங்கும். 1-இல் விழுந்தால் பாறை வெறும் கரித்துண்டு. அப்போது வெயில் சாயும்வரை காத்திருக்கலாம், அல்லது நிற்கும் இடத்தை மாற்றலாம்.

இடம் மாற்றுவது என்றேன். 1940-இல் ஆடம்சு கலிபோர்னியாவின் சான் மத்தேயோ கரையில் ஓர் உயர்ந்த செங்குத்துப் பாறைமேல் நின்று கீழே கடலோரத்தை நோக்கி ஐந்து படங்கள் எடுத்தார். 'அலைத்தொடர்' என்று பெயர். ஐந்திலும் வானமே இல்லை. தொடுவானமும் இல்லை. மணலும் நீரும் நுரைக்கோடும் மட்டும். ஒவ்வொரு படத்திலும் நுரை வேறு வளைவில் கிடக்கிறது. லெ கிரே இரண்டு ஒளிகளைத் தைத்தார் என்றால், ஆடம்சு அத்தொடரில் ஓர் ஒளியை வாசலுக்கு வெளியே நிறுத்திவிட்டார். வானம் விலகியதும் சாம்பல் முழுவதும் நீருக்கும் மணலுக்கும் கிடைத்தது. உச்சி வெயிலில் சிக்கிக்கொண்ட மாணவனிடம், தலையைக் குனி என்று சொல்லியிருக்கலாம். அன்று எனக்குத் தெரியவில்லை.

மூன்றாவது விடை ஜப்பானிலிருந்து வந்தது. தோக்கியோவில் 1948-இல் பிறந்த ஹிரோஷி சுகிமோத்தோ 1980 முதல் உலகின் பல கடல்களைப் படமெடுத்து வருகிறார். எல்லாப் படங்களிலும் ஒரே அமைப்பு: மேற்பாதி வானம், கீழ்ப்பாதி நீர், நட்டநடுவே தொடுவானம். கப்பலில்லை, பாறையில்லை, பறவையில்லை. ஆதிமனிதன் கண்ட காட்சியை இன்றைய மனிதன் காண முடியுமா என்பது அவர் கேள்வி.

தொடுவானத்தை நடுவில் வைக்காதே என்பது நாம் ஒவ்வொரு பயிற்சிப் பட்டறையிலும் சொல்லும் முதல் விதி. மூன்றில் ஒரு பங்கு விதி என்பார்கள். ஆங்கிலேய ஓவியர் ஜான் தாமஸ் ஸ்மித் 1797-இல் நிலக்காட்சி பற்றிய நூலில் அதற்கு அப்பெயரைச் சூட்டினார். இரண்டு பகுதிகள் சம அளவாக இருந்தால் கண் எதில் தங்குவது என்று தடுமாறும் என்பது அதன் காரணம். சுகிமோத்தோ அத்தடுமாற்றத்தையே விரும்புகிறார். பார்ப்பவர் தங்க வேறு பொருள் எதுவும் இல்லாததால் கண் சாயலில் தங்குகிறது. வானம் வெறுமையாக இருந்தாலும் வெளுத்திருப்பதில்லை. மிக மெல்லிய சாம்பல் மேலிருந்து கீழாக மாறிக்கொண்டே இறங்குகிறது. சில படங்களில் பனிமூட்டத்தில் கோடே கரைந்துவிடுகிறது. விதியை அறிந்து மீறுகிறவருக்கும் அறியாமல் மீறுகிறவருக்கும் உள்ள வேறுபாட்டை மாணவர்களுக்குக் காட்ட இதைவிடத் தெளிவான சான்று எனக்குக் கிடைக்கவில்லை.

உங்கள் பிள்ளைகள் கடற்கரைக்குப் போகும்போது சொல்லித்தர விரும்பினால், என் பட்டறிவில் பயன்பட்டவை சில. கிழக்குக் கரையில் விடியலும் மேற்குக் கரையில் மாலையும் வானத்துக்கும் நீருக்குமான இடைவெளி சுருங்கும் வேளைகள். படச்சுருள் காலத்தில் நிழலுக்கு ஒளி போதுமா என்று கவலைப்பட்டோம். மின்னிலக்கக் கருவியிலோ வெளுத்துப்போன இடம் திரும்பி வராது. ஆகவே நுரையும் மேகமும் வெளுக்காமல் காக்கும்படி ஒளியைச் சற்றுக் குறைத்து எடுப்பது நல்லது. வண்ணத்தில் எடுத்துப் பின்னர் கறுப்பு வெள்ளையாக்கினால் நீலத்தை மட்டும் தனியே இருட்டாக்கலாம். அது பழைய சிவப்புக் கண்ணாடியின் வேலை. கோடு சாய்ந்த கடல் கிண்ணத்திலிருந்து வழிவது போல் தோன்றும். முதலில் அதைச் சரிபார்க்கச் சொல்லுங்கள். வெறும் நீர்ப்பரப்புக்கு அளவு தெரியாது. லெ கிரே ஒரு கப்பலையோ பாறையையோ வைத்ததைப் போல ஒரு படகு, ஒரு மரக்கட்டை, ஓர் ஆள் எதுவானாலும் கரிய பொருள் ஒன்று வேண்டும். அதுதான் கறுப்பு எங்கே தொடங்குகிறது என்பதையும் கண்ணுக்குச் சொல்லும்.

இன்னொரு செய்தி. இன்றைய கைப்பேசிகள் பலவும் ஒரு முறை அழுத்தும்போதே பல படங்களை எடுத்து, வானத்துக்கு ஒன்று, நிலத்துக்கு ஒன்று எனச் சேர்த்தே நமக்குக் காட்டுகின்றன. நம்மிடம் கேட்பதுமில்லை, சொல்வதுமில்லை. அவற்றில் எடுத்த படங்களை எங்கள் போட்டிகளில் ஒருபோதும் ஒட்டுப்படம் என்று ஒதுக்கியதில்லை. கையால் ஒட்டி, ஒட்டினேன் என்று வாய்திறந்து சொன்னவனை ஒதுக்கினோம். ஒதுக்கினேன்.

சென்ற மாதம் அம்மாணவனைக் கடைத்தெருவில் கண்டேன். இப்போது இடைநிலைப் பள்ளியில் நான்காம் படிவம். நிறுத்தி, லெ கிரேவைப் பற்றிச் சொன்னேன். அன்று நான் எழுதியது தவறு என்றும் சொன்னேன். அவன் கொஞ்ச நேரம் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"இல்லைங்க ஐயா, அந்தப் படத்துல உண்மையிலேயே ஒரு தப்பு இருந்திச்சி. மேகத்துக்கு வெளிச்சம் கீழேருந்து வருது, அலைக்கு உச்சியிலேருந்து வருது. ரெண்டும் ஒரே சூரியன் இல்லை. நீங்க அதைச் சொல்வீங்கன்னு பயந்துக்கிட்டே இருந்தேன். நீங்க அதைப் பார்க்கவே இல்லை."

பார்க்கவில்லை என்று ஒப்புக்கொண்டேன். படம் இன்னும் இருக்கிறதா என்று கேட்டேன். இருக்கிறதாம். அடுத்த சனிக்கிழமை எங்கள் ஒளிப்படக் குழுவுக்கு அதை எடுத்து வந்து, எங்கே ஒட்டினான், எங்கே தவறினான் என்று அவனே விளக்குவதாகச் சொல்லியிருக்கிறான்.